பீடத்தை விட்டு இறங்கியவர்

எங்கள் செரண்டா சிறிய ஊர். ரவாங்கிற்கும் பத்தாங் காலிக்கும் இடையில் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்கள் இங்கு அதிகம். என் பெரியம்மாவின் குடும்பமும் அவற்றுள் ஒன்று. பெரியப்பா இறந்தபின் தூக்கம் வராமல் தவித்த பெரியம்மா, ஒரு தியான வகுப்பில் சேர்ந்தார். முதலில் மனத்துக்கு ஆறுதல் கிடைத்தது உண்மைதான். பிறகு அடுத்த நிலை, அதற்கடுத்த நிலை என்று கட்டணம் ஏறியது. வீட்டுச் சுவரில் குருவின் படமும் ஏறியது. ஏழாம் ஆண்டில் ஒருநாள் அந்தப் படத்தை அவரே இறக்கி வைத்தார். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. உடன் தியானம் செய்தவர்கள் கடைத்தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாங்களோ, இத்தனை வருடம் ஏமாந்தீர்களே என்று கேலி செய்தோம். அவர்களைவிட நாங்கள்தான் அவரை அதிகம் காயப்படுத்தினோம் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

பல்கலைக்கழக நூலகத்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தபோதுதான் அது புரியத் தொடங்கியது. ஒரு குருவையும் ஓர் இயக்கத்தையும் விட்டு விலகுவது எவ்வளவு கடினம் என்பதை, குருவாகவே வளர்க்கப்பட்ட ஒருவரின் வாழ்க்கை எனக்குக் காட்டியது. அதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஜித்து கிருஷ்ணமூர்த்தி 1895-ஆம் ஆண்டு மே மாதம், இன்றைய ஆந்திர மாநிலத்தின் மதனப்பள்ளியில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் எட்டாவது பிள்ளையாகப் பிறந்தார். தந்தை நாராயணையா வருவாய்த்துறை ஊழியர். பிரம்மஞான சபையின் உறுப்பினர். தாயார் 1905-இல் காலமானார். பணி ஓய்வு பெற்ற தந்தை, 1909-இல் பிள்ளைகளோடு சென்னை அடையாற்றிலிருந்த சபையின் தலைமையகத்துக்கு வந்து சேர்ந்தார்.

பிரம்மஞான சபை 1875-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத மகாத்மாக்கள் உலகை வழிநடத்துகிறார்கள் என்பது அதன் உறுப்பினர்கள் பலரது நம்பிக்கை. சபைக்குள் ஓர் உள்வட்டமும் இருந்தது. அதில் சேர்ந்தவர்கள் தியானம் பயின்றார்கள். தலைமைக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழியும் எடுத்தார்கள். உலகத்துக்கு விரைவில் ஒரு ஜகத்குரு வரப்போகிறார் என்று அப்போதைய தலைவர் அன்னி பெசன்ட் அம்மையார் அறிவித்திருந்தார்.

அந்த ஆண்டு அடையாற்றுக் கடற்கரையில் கிருஷ்ணமூர்த்தியைச் சபையின் மூத்த உறுப்பினர் லெட்பீட்டர் கண்டார். மெலிந்த உடல், பள்ளியில் மந்தமானவன் என்று அடிவாங்கும் பிள்ளை. ஆனால் அவனைச் சுற்றித் தன்னலமே இல்லாத ஓர் ஒளி தெரிவதாக லெட்பீட்டர் சொன்னார். வரவிருக்கும் ஜகத்குருவின் உடலாக இருக்கப்போவது இவனே என்றும் முடிவு செய்தார். உணவு, உடை, ஆங்கிலம், தியானம் என எல்லாவற்றுக்கும் கால அட்டவணை வந்தது. 1911-இல் கீழ்த்திசை நட்சத்திர சங்கம் தொடங்கப்பட்டு, அந்தச் சிறுவனே தலைவனாக்கப்பட்டான். நம் நாட்டுக் கணக்கில் சொன்னால் அப்போது அவன் படிவம் நான்கு மாணவன்!

பிள்ளைகளின் பாதுகாப்பை 1910-இல் அன்னி பெசன்ட்டிடம் ஒப்படைத்த தந்தை, பின்னர் மனம் மாறினார். லெட்பீட்டரின் நடத்தையைப் பற்றிய குற்றச்சாட்டுகள் அவரைக் கலங்க வைத்தன. 1912-இல் வழக்குத் தொடுத்தார். சென்னை உயர்நீதிமன்றம் 1913-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 1914-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றிவிட்டது. கிருஷ்ணமூர்த்தியும் தம்பி நித்யானந்தாவும் இங்கிலாந்திலேயே வளர்ந்தார்கள். உலகத்துக்கே ஆசானாகப் போகிறவர், லண்டன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்றார்.

சிறுவயது முதல் அவருக்குத் துணையாக இருந்தவர் தம்பி நித்யாதான். அந்தத் தம்பியைக் காசநோய் பற்றியது. அவர் உடல்நலத்துக்காக இருவரும் கலிபோர்னியாவின் ஓஹாய் பள்ளத்தாக்கில் தங்கினார்கள். அங்கே 1922-இல் கிருஷ்ணமூர்த்திக்குக் கடும் வலியோடு கலந்த ஓர் ஆழ்ந்த ஆன்மீக அனுபவம் ஏற்பட்டது. தியானத்தின் மீது அவருக்கிருந்த மதிப்பு இறுதிவரை குறையவில்லை. குறைந்தது, இடையில் நின்று அருள் வழங்குவதாகச் சொன்னவர்கள் மீதான நம்பிக்கைதான்.

1925-இல் ஹாலந்தின் ஓமன் நகரில், சபையின் முன்னணியினர் சிலர் ஜகத்குருவின் அப்போஸ்தலர்களாக அறிவிக்கப்பட்டனர். ஒருவருக்கொருவர் பதவி உயர்வு கொடுத்துக்கொள்வது போன்ற அந்தக் காட்சி கிருஷ்ணமூர்த்தியை வருத்தியது. அதே ஆண்டு, நித்யாவின் உயிர் இயக்கத்தின் பணிக்குத் தேவைப்படுவதால் மகாத்மாக்கள் அவரைக் காப்பாற்றுவார்கள் என்று நம்பி அவர் இந்தியாவுக்குக் கப்பலேறினார். கப்பல் சூயஸ் கால்வாயை அடைந்தபோது தந்தி வந்தது. நவம்பர் 13-ஆம் தேதி நித்யா இறந்துவிட்டார்.

பல நாட்கள் அவர் கப்பல் அறையில் அழுதுகொண்டே இருந்தார். தம்பி மட்டுமல்ல, சிறுவயது முதல் அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்த உலகமும் அன்று சரிந்தது.

1929 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, அதே ஓமன் நகரில் சுமார் 3,000 உறுப்பினர்கள் கூடியிருந்தார்கள். 81 வயதான அன்னி பெசன்ட்டும் அமர்ந்திருந்தார். 34 வயது கிருஷ்ணமூர்த்தி எழுந்து, சங்கத்தைக் கலைப்பதாக அறிவித்தார். உண்மையை ஓர் அமைப்புக்குள் அடைக்க முடியாது என்றார். தமக்குச் சீடர்கள் வேண்டாம் என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. சங்கத்துக்கு அன்பளிப்பாக வந்த ஏர்ட கோட்டையும் அதைச் சேர்ந்த நிலத்தின் பெரும்பகுதியும் கொடுத்தவருக்கே திரும்பிச் சென்றன.

கூட்டத்தில் இருந்தவர்களின் நிலையையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். புதுடில்லியை வடிவமைத்த கட்டடக் கலைஞரின் மனைவி எமிலி லட்யன்ஸ், 1911 முதல் குடும்பத்தையும் இரண்டாம் இடத்தில் வைத்து இந்த இயக்கத்துக்கு உழைத்தவர். குரு விலகிய பிறகு அவர் எங்கே போவார்? அந்த அனுபவங்களை அவர் 1957-இல்தான் நூலாக எழுதினார். தாம் ஏமாந்ததை ஒருவர் வெளியே சொல்ல அத்தனை காலம் ஆகிறது.

கிருஷ்ணமூர்த்தி பின்னர் சபையிலிருந்தும் விலகினார். ஆயினும் தாயாக மதித்த அன்னி பெசன்ட்டின் மீது அவருக்கு அன்பு குறையவில்லை. அம்மையார் 1933-இல் மறைந்தார். அதன்பின் அடையாற்றுத் தலைமையகத்துக்குள் கிருஷ்ணமூர்த்தி மீண்டும் கால் வைத்தது 1980-இல்தான். தாம் கண்டெடுக்கப்பட்ட அதே கடற்கரையில், 85 வயதில், அவர் நடந்தார். 1986 ஜனவரியில் சென்னையில் தம் கடைசிப் பொது உரையை ஆற்றி, பிப்ரவரி 17 அன்று ஓஹாயில் காலமானார்.

அவரும் குறையற்றவர் அல்லர். குரு வேண்டாம் என்றவரையே பலர் குருவாக்கிக்கொண்டார்கள். உரைகளையும் நிதியையும் நிர்வகித்த ராஜகோபாலுடன் வழக்கு நடந்தது. அந்த ராஜகோபாலின் மகள் ராதா, தம் தாயாருக்கும் கிருஷ்ணமூர்த்திக்கும் நெடுங்காலம் மறைமுக உறவு இருந்ததாக 1991-இல் ஒரு நூல் எழுதினார். அதைப் படித்து மனமுடைந்த வாசகர்களும் உண்டு. யாரையும் பீடத்தில் ஏற்றாதீர்கள் என்று அவர் சொன்னதை, அவர் விஷயத்திலும் நாம் கடைப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

சென்ற விடுமுறையில் கொமுட்டர் ஏறி வீடு திரும்பியபோது, இந்தக் கதையைப் பெரியம்மாவிடம் சொன்னேன். மகாத்மாக்களைப் பற்றியோ ஜகத்குருவைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாரா என்று மட்டும் கேட்டார். கோட்டையையே கொடுத்துவிட்டார் என்றேன். பெரியம்மா நெடுநேரம் பேசவில்லை. முன்பு கேலி செய்ததற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தேநீர் ஆறுகிறது, குடி என்றார்.

மறுநாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தேன். படம் இல்லாத சுவரின் அருகே பெரியம்மா கண்மூடி உட்கார்ந்திருந்தார். நான் சத்தம் போடாமல் கதவைச் சாத்தினேன்.