ராஜரத்தினம் பிள்ளை நீட்டிய குழல்

திருக்கேதீச்சரத் திருவிழாவில் மேளம் கேட்பவர்கள், போர்க்காலத்தில் அந்த வீதிக்குப் போகமுடியாமல் கிடந்த வருடங்களை மறந்திருக்கமாட்டார்கள். இன்று அங்கே ஒலிக்கும் நாதஸ்வரத்தின் கனத்த குரலுக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார்: திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை.

1898இல் பிறந்தவர். முதலில் படித்தது வாய்ப்பாட்டு. தன் வாத்தியமும் பாடகரின் குரல்போல ஒலிக்கவேண்டும் என்ற பிடிவாதம் அங்கிருந்துதான் வந்திருக்கவேண்டும். அக்காலத்தில் எல்லோரும் வாசித்தது திமிரி. குட்டையான குழல், உச்சமான சுருதி. ஊர் முழுக்கக் கேட்கும். ஆனால் மணிக்கணக்கில் ராகம் வாசித்தால் காது கூசும். அதைவிடப் பெரிய சங்கடம், அதில் சுத்த மத்திமம் சுலபத்தில் வராது. உதட்டாலும் மூச்சாலும் சரிக்கட்டவேண்டும். தோடிக்கே பேர்போனவருக்கு இது சின்னக் குறையா? தோடியின் மத்திமமே அதுதானே.

நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி கைகொடுத்தார். குழலை நீட்டினால் சுருதி இறங்கும். ஆனால் துளைகளின் இடமும் மாறும், விரலும் எட்டவேண்டும். பலமுறை கடைந்து பார்த்த பிறகுதான் மத்திமம் சரியாகப் பேசும் பாரி நாதஸ்வரம் அமைந்தது. மரம் ஆச்சா, அதிலும் பழைய வீடுகளில் கழற்றிய, நன்றாக முற்றிய மரம். ஒத்து ஊதுபவருக்குப் பதிலாகத் தம்புராவையும் வைத்துக்கொண்டார். குடுமியை எடுத்துக் கோட்டுப் போட்டதைத்தான் ஊர் அதிகம் பேசியது.

1956 டிசம்பர் 12இல் காலமானார். இடம்பெயர்வில் குழலை விட்டுவந்த கலைஞர் இன்று புதிதாக வாங்கப் போனாலும் கேட்பது பாரியைத்தான். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.