வானைச் சான்றாக்கிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார்

நம் தேசூரில் தறிக்குப் புதுப் பாவு ஏற்றுவதாயினும், மகளுக்கு மணநாள் குறிப்பதாயினும், முதலில் கை நாடுவது பஞ்சாங்கத்தையே. சித்திரை முதல் நாளில் அது படிக்கப்படுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என இரண்டு ஏன் வழங்குகின்றன என்றும், ஒரே ஏகாதசி சில வேளைகளில் ஒன்றில் இன்றாகவும் மற்றொன்றில் நாளையாகவும் ஏன் அமைகிறது என்றும் நாம் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. வானில் உலவுவது ஒரே நிலவு. அதற்கு இரண்டு கணக்குகள் எங்ஙனம் பொருந்தும்?

இவ்வினாவைத் தம் வாழ்நாள் வினாவாகக் கொண்ட அறிஞர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையில் வாழ்ந்தார். அவரே சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். வானியலார் அவரைப் போற்றுகின்றனர். தமிழுலகம் அவரைப் போதிய அளவு நினைக்கவில்லை. கோள்களும் துணைக்கோளாகிய நிலவும் தத்தம் பாதையில் செல்லும் முறையைத் தாய்மொழியில் சொல்ல முனைந்த அப்பெரியாரின் வாழ்வைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லில் அடங்கிய நிலவு

இரகுநாதாச்சாரியார் பஞ்சாங்கக் கணிப்பை வழிவழித் தொழிலாகக் கொண்ட மரபில் வந்தவர். அம்மரபின் பெருமையை உணர்ந்தால்தான் அவர் செய்த செயலின் அருமை புலப்படும்.

வாக்கியம் என்னும் சொல்லே கவிஞர்கள் கருதத்தக்கது. வரருசி இயற்றியனவாகக் கூறப்படும் 248 வாக்கியங்கள் நிலவின் கணக்கைத் தம்முள் கொண்டவை. அவற்றில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணைக் குறிக்கும். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு நாளுக்குரிய நிலவின் நிலையைக் காட்டும். நிலவு புவிக்கு மிக அணித்தான இடத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் அத்தகைய இடத்தை அடைய ஏறத்தாழ 27.55 நாள்கள் ஆகின்றன. இத்தகைய சுற்றுகள் ஒன்பது 248 நாள்களில் நிறைவுறும். ஆதலின் 248 வாக்கியங்களை மனத்தில் இருத்தியவர் ஏடும் எழுத்தாணியுமின்றி நிலவின் நடையைச் சொல்லிவிடலாம்.

இவ்வாற்றலைக் கண்டு வியந்தவர்களுள் ஜான் வாரன் ஒருவர். சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை முன்னர் ஏற்றிருந்த அவர், தமிழ்நாட்டுக் காலக்கணிப்பு முறைகளை விரிவாக ஆராய்ந்து 1825இல் காலசங்கலிதம் என்னும் பெருநூலை வெளியிட்டார். அவ்வாண்டு மே 31, ஜூன் 1 நாள்களுக்கு இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் புதுச்சேரிப் பகுதிக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்த கணக்குகளைக் கொண்டே கணித்துக் காட்டினார். கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், இறுதி 52 நிமிடமும் உண்மையினின்று வேறுபட்டன. தொலைநோக்கி ஏதுமின்றிச் சோழிகளால் பெற்ற விடை இது என்பது வியப்புக்குரியது. எனினும் 52 நிமிடம் பிழை என்பதையும் மறைத்தற்கியலாது. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே ஏற்கும் உள்ளம் வாய்க்கப் பெற்றவரே நம் இரகுநாதாச்சாரியார்.

பிசகு எங்கே நேர்ந்தது?

நிலவின் பாதை முழு வட்டம் அன்று, நீள்வட்டம். புவிக்கு அது ஏறத்தாழ 3,63,000 கிலோமீட்டர் வரை நெருங்கும். 4,05,000 கிலோமீட்டர் வரை விலகும். அருகில் வருங்கால் விரைந்தும், விலகுங்கால் தாழ்ந்தும் நடக்கும். விரைவான நாளில் அது வானில் 15 பாகை கடக்கும். தாழ்ந்த நாளில் 12 பாகைக்குச் சற்றே குறைவு. சூரியனிடமிருந்து நிலவு 12 பாகை விலகும் காலமே ஒரு திதி. ஆகவேதான் சில திதிகள் 20 மணி நேரத்தில் முடிய, சில 26 மணிக்கு மேலும் நீள்கின்றன.

இவ்வளவையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆனால் நிலவைப் புவி மட்டும் இழுப்பதில்லை, சூரியனும் இழுக்கிறது. அவ்விழுப்பால் நிலவின் நடையில் மேலும் பல ஏற்றத்தாழ்வுகள் விளைகின்றன. பண்டைக் கணிதர் தம் கணக்குகளைக் கிரகணங்களைக் கொண்டே சரிபார்த்தனர். கிரகணம் அமாவாசையிலும் பௌர்ணமியிலுமே நிகழும். எனவே அந்நாள்களில் வாக்கியக் கணக்கு வானோடு பெரிதும் ஒத்துச் சென்றது. சூரியனது இழுப்பின் வேறுபாடு மிகுதியாய்த் தோன்றும் அட்டமியை ஒட்டிய நாள்களில் சில நாழிகை விலகியது.

காலத்தால் சேரும் பிழையும் உண்டு. ஒன்பது சுற்றுகள் சரியாக 248 நாள்கள் அல்ல. ஏறத்தாழ 13 நிமிடம் குறைவு. இதனை நேர்செய்ய 3,031 நாள்கள் கொண்ட பெருஞ்சுற்றையும் முன்னோர் வகுத்திருந்தனர். கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களை நேரில் நோக்கிப் பழைய எண்களைத் திருத்தி, 1431இல் திருக்கணிதம் என்னும் முறையை நிறுவினார். கண்ணால் கண்டு கணிப்பது என்பதே அப்பெயரின் பொருள். எனவே திருத்துதல் மரபுக்குப் பகையன்று. மரபின் ஓர் உறுப்பே அது. பாவில் ஓரிழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, இழையைப் பிணைத்த பின்னரே மேலே நெய்வர். பாவு போட்டவரைப் பழிப்பதாக அதனை எவரும் கருதுவதில்லை. இடைக்காலத்தில் பிணைக்கும் கை ஓய்ந்தது என்பதே குறை.

நுங்கம்பாக்கத்து இரவுகள்

சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கும்பினியார் 1792இல் வானாய்வகம் ஒன்றை அமைத்தனர். அங்கு நிறுவிய கருங்கல் தூணில் தமிழிலும் செய்தி பொறித்தனர். அவ்வாய்வகத்தில் இளமையிலேயே பணியில் சேர்ந்த இரகுநாதாச்சாரியார், முப்பதாண்டுகளுக்கும் மேலாக அங்கு உழைத்தார். 1861இல் தலைமையேற்ற நார்மன் போக்சன் அவருடைய திறத்தை நன்கு மதித்து, முதல் உதவியாளராகக் கொண்டார். அந்நாளைய ஆட்சியமைப்பில் தலைமைப் பதவி அவரை அடையவில்லை. இறுதிவரை உதவியாளராகவே இருந்தார்.

விண்மீன் ஒவ்வொன்றும் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக் குறிப்பது அங்குள்ள அன்றாடப் பணி. 1862 முதல் 1887 வரை செய்த இத்தகைய நோக்கீடுகளிலிருந்தே 5,303 விண்மீன்கள் அடங்கிய சென்னைப் பட்டியல் பின்னாளில் உருவாயிற்று. அதன் முற்பகுதி உழைப்பில் இரகுநாதாச்சாரியாரின் பங்கு பெரிது.

1867 சனவரியில், தென்வானில் தாழ்ந்து தோன்றும் ரெட்டிகுலம் என்னும் விண்மீன் கூட்டத்தில் உள்ள ஒரு மீனின் ஒளி கூடிக் குறைவதை அவர் கண்டறிந்தார். இன்று ஆர் ரெட்டிகுலி என வழங்கும் அதனை, நவீன வானியலில் இந்தியர் ஒருவர் பெயரில் பதிவான முதற் கண்டுபிடிப்பாக அறிஞர் கருதுவர். 1868 ஆகஸ்டு 18இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, வனபர்த்தியில் முகாமிட்ட நோக்கர் குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார். 1872இல் இலண்டன் அரச வானியற் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது.

தாய்மொழியில் வெள்ளியின் கதை

1874 டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளிக் கோள் சூரிய வட்டத்தின் குறுக்கே ஒரு கரும்புள்ளியாகக் கடந்து செல்லவிருந்தது. அதனைப் பொதுமக்களுக்கு விளக்க இரகுநாதாச்சாரியார் சிறுநூல் ஒன்றை எழுதினார். தமிழ் முதலிய நாட்டு மொழிகளிலும் ஆங்கிலத்திலும் அது வெளிவந்தது. மரபு நூல்களில் வல்ல சித்தாந்தி ஒருவர் ஐயங்களை எழுப்ப, புதிய வானியல் கற்றவர் விடை கூறும் உரையாடலாக அதனை அமைத்தார். சித்தாந்தி இழிவுபடுத்தப்படும் பாத்திரம் அல்லர். உண்மையை அறிய விழையும் பெரியவர். வினவுபவரும் விடை தருபவரும் ஆசிரியரின் உள்ளத்தில் குடியிருந்த இருவரே எனக் கொள்வது பொருந்தும்.

அந்நூலின் பொருளாகிய நிகழ்ச்சி கோள்களின் இயக்கத்தைத் தெளிவாகக் காட்டுவது. வெள்ளி ஏறத்தாழ 584 நாள்களுக்கு ஒருமுறை புவிக்கும் சூரியனுக்கும் இடையே வருகிறது. ஆயினும் அதன் பாதை புவியின் பாதைத் தளத்தினின்று 3.4 பாகை சாய்ந்திருப்பதால், பெரும்பாலும் சூரிய வட்டத்திற்கு மேலாகவோ கீழாகவோ சென்றுவிடும். இரு தளங்களும் வெட்டும் இடத்தருகே அச்சந்திப்பு நேர்ந்தால் மட்டுமே கடப்பு நிகழும். எட்டாண்டு இடைவெளியில் இருமுறை நிகழ்ந்து, பின் நூறாண்டுக்கு மேல் அது மறைந்துவிடும். 1761, 1769, 1874, 1882, 2004, 2012 என்பன அவ்விணைகள். அடுத்தது 2117இல்தான்.

தொலைவிலுள்ள இரண்டு ஊர்களிலிருந்து நோக்கின், வெள்ளி கடக்கும் கோடு சற்றே வேறுபடும். அவ்வேறுபாட்டிலிருந்து சூரியனின் தொலைவைக் கணிக்கலாம். கோள்களின் தொலைவுகளுக்கு இடையேயுள்ள விகிதம் கெப்ளரின் விதியால் முன்னரே தெரிந்திருந்தது; ஒரு தொலைவு மெய்ப்பட்டால் எல்லாத் தொலைவுகளும் மெய்ப்படும். உலகநாடுகள் பலவும் அந்நாளை எதிர்நோக்கியதன் காரணம் இதுவே.

பஞ்சாங்கப் போராட்டம்

நூல் எழுதியதைக் காட்டிலும் அரிய செயல் ஒன்றையும் அவர் செய்தார். நாவிகப் பஞ்சாங்கத்தின் நுண்ணிய கணக்குகளைக் கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கம் கணித்து வெளியிடலானார். அயலார் சொன்னால் ஒதுக்கிவிடலாம்; மரபினர் ஒருவரே சொன்னதால் எதிர்ப்பு மிகுந்தது. நோன்பும் சிராத்தமும் திதியைப் பற்றியவை. திதி பிழை என்றால் தந்தையும் பாட்டனும் செய்த கடன்கள் என்னாவது என்னும் அச்சம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அவ்வச்சத்தை எள்ளாமல், வானைச் சான்றாகக் காட்டித் தெளிவிக்க அவர் முயன்றார். நம்மவர் வானை நோக்கிப் பழகத் தக்க ஆய்வகம் ஒன்று வேண்டும் எனவும் விழைந்தார். அவ்விழைவு நிறைவேறுமுன், 1880 பிப்ரவரி 5ஆம் நாள் மறைந்தார். பஞ்சாங்கப் பணியை அவர்தம் மக்கள் தொடர்ந்தனர். சென்னை வானாய்வகத்தின் வானியற் பணிகள் 1899இல் கோடைக்கானலுக்கு மாறின. தமிழ் பொறித்த தூண் மட்டும் நுங்கம்பாக்கத்தில் நிற்கிறது.

நிறைவாக

வாக்கியமா, திருக்கணிதமா என்னும் வழக்கு இன்றும் ஓயவில்லை. அதனைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. பெற்ற செல்வத்தைப் போற்றுவதும் அதனைச் சோதிப்பதும் ஒரே மனிதரிடம் அமையக்கூடும் என்பதற்கு இரகுநாதாச்சாரியார் சான்றாகிறார். யாப்பைக் கற்று அதனுள் நின்றே புதியது சொல்ல முயலும் நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு இது புதிதன்று. நம் இலக்கிய வட்டம் தோன்றிப் பத்தாண்டுகள் நிறைந்த இவ்வேளையில், நாம் எத்தனையோ கவிதைகளில் நிலவைப் பாடியிருக்கிறோம். அடுத்த வளர்பிறை அட்டமி மாலையில் தறிக்கூடத்து விளக்கை அணைத்துவிட்டு வாசலுக்கு வருவோம். பஞ்சாங்கங்கள் பெரிதும் மாறுபடும் அந்நாளின் பாதி நிலவை ஒருகணம் கண்ணால் நோக்குவோம். தமிழில் கோள்களின் கதை சொன்ன அப்பெரியாருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.