பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் கண்ட முனிவர்

இந்த வளாகத்திற்கு வந்து சேர்ந்த முதல் வாரத்தில் நான் ஒரு பிழை செய்தேன். மூன்று ஆண்டுகள் ஆகியும் அது என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

விடுதி வாயிலில் ஒரு முதியவர் தேநீர்க்கடை வைத்திருந்தார். என் தந்தையினும் மூத்தவர். ஊரிலிருந்து புறப்படும்போது இந்தி கற்பிக்கும் சிறு நூல் ஒன்றை வாங்கி வந்திருந்தேன். அதில் ‘நீ’ என்பதற்கு நேராகத் ‘தூ’ என்றும், ‘கொடு’ என்பதற்கு நேராகத் ‘தே’ என்றும் அச்சிட்டிருந்தது. இரண்டையும் இணைத்து அந்த முதியவரிடம் தேநீர் கேட்டேன். சொற்றொடரில் பிழை இல்லை; எழுவாயும் பயனிலையும் நன்கு பொருந்தியிருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேநீரைத் தந்துவிட்டு, சர்க்கரை போதுமா என்று என்னைக் கேட்டார். கேட்டபோது ‘ஆப்’ என்று மரியாதையோடு அழைத்தார்.

அருகில் நின்ற மூத்த மாணவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சென்று விளக்கினார். ‘தூ’ என்பது குழந்தையிடமும் கடவுளிடமும் உயிர்த்தோழனிடமும் வழங்கும் சொல்லாம். முன்பின் அறியாத பெரியவரிடம் வழங்கினால் வசையாகுமாம். ‘தே’, ‘தோ’, ‘தீஜியே’ மூன்றும் கொடு என்னும் பொருளனவே. ஆயினும் யார் யாரிடம் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே அவற்றுள் ஒன்று வாயில் வரவேண்டுமாம். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் நூல் பொய் சொல்லவில்லை. உண்மையில் ஒரு பாதியைத்தான் சொல்லியிருந்தது.

அப்போதுதான் வீரமாமுனிவரின் நினைவு வந்தது. பள்ளியில் அவரைத் ‘தேம்பாவணி’யின் ஆசிரியராகத் தேர்வுக்காகப் படித்தேன். இம்முறை, அயல்மொழி பேசும் மக்களிடையே வந்து வாய் திறக்க அஞ்சிய ஒரு மனிதராக அவரைத் தேடிப் படித்தேன்.

அவர் 1680ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். கான்ஸ்தாந்தீன் சோசப் பெஸ்கி என்பது இயற்பெயர். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710இல் கோவாவிற்கு வந்து, அடுத்த ஆண்டு தமிழகம் புகுந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. பெயரைத் தைரியநாதர் என்று தமிழாக்கிக் கொண்டார். வீரமாமுனிவர் என்னும் பெயர் பின்னர் நிலைத்தது. காமநாயக்கன்பட்டி, ஏலாக்குறிச்சி முதலிய ஊர்களில் சமயத் தொண்டு செய்தார். இந்த நாட்டுத் துறவியரைப் போல உடுத்தார். அவர்களைப் போலவே உண்டார்.

உடையையும் உணவையும் மாற்றிக்கொள்வது எளிது. நாவை மாற்றிக்கொள்வது எளிதா? ஓலைச் சுவடியில் கற்கும் தமிழ் ஒன்று. சந்தையிலும் திண்ணையிலும் கேட்கும் தமிழ் மற்றொன்று. ஒருவனை அழைக்க ‘வா’ உண்டு, ‘வாரும்’ உண்டு, ‘வாருங்கள்’ உண்டு. ஒருவரே நின்றாலும் ‘அவர்கள்’ என்று பன்மையில் சொல்லும் வழக்கம் உண்டு. அவர் அறிந்த இலத்தீனில் தன்மைப் பன்மைக்கு ஒரு சொல்லே. தமிழிலோ ‘நாம்’, ‘நாங்கள்’ என இரண்டு. சமயம் உரைக்க வந்தவர் மக்கள் முன் நின்று ‘நாங்கள் பாவிகள்’ என்றால் கேட்போர் விலகி நிற்பர். ‘நாம் பாவிகள்’ என்றால் கேட்போரும் அதில் அடங்குவர். இரண்டும் இலக்கணப்படி சரியே. ஆனால் ஒன்று சுவர் எழுப்புகிறது. மற்றொன்று கதவு திறக்கிறது.

இது நம் முன்னோர் அறியாதது அன்று. ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என்னும் மூன்றையும் தொல்காப்பியர் வேறுபடுத்திக் காட்டுகிறார். தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் இரக்கும்போது ‘ஈ’. ஒத்தவனிடம் கேட்கும்போது ‘தா’. உயர்ந்தவன் கேட்கும்போது ‘கொடு’. ஒருவரைப் பன்மையால் உயர்த்திச் சொல்வது இலக்கண நெறியன்று, வழக்கில் வந்தது என்றும் அவர் குறித்துள்ளார். இந்தியில் நான் தடுக்கி விழுந்த அதே படிக்கட்டைத் தொல்காப்பியர் தமிழில் என்றோ எண்ணி வைத்திருக்கிறார்! நான்தான் அதைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிட்டேன்.

ஆயினும் பிற்காலத்தில் இலக்கணம் என்றாலே செய்யுளுக்கு உரியது என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. தெருவில் பேசும் மொழிக்கு விதி எழுதுவது புலவர்க்குத் தாழ்வாகத் தோன்றியிருக்கலாம். அயலவர்க்கோ அதுவே முதல் தேவை. பதினாறாம் நூற்றாண்டிலேயே அன்றீக்கு அடிகளார் இம்முயற்சியைத் தொடங்கினார். சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் செருமனியில் அச்சாயிற்று. அவர்களுக்குப் பின் வந்த வீரமாமுனிவர், 1728இல் கொடுந்தமிழ் எனப்பட்ட பேச்சுத் தமிழுக்கு இலத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் செய்தார். செந்தமிழுக்குத் தனியே ஓர் இலக்கணமும், தமிழிலேயே ‘தொன்னூல் விளக்க’மும் எழுதினார். 1732இல் ‘சதுரகராதி’யைத் தொகுத்தார். காவியம் பாட வல்லவர், அன்றாடப் பேச்சையும் இலக்கணத்திற்கு உரியதென்று மதித்தார். அதுதான் எனக்கு வியப்பு.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. தரங்கம்பாடியில் இருந்த லுத்தர் சபையாரோடு அவர் சமய வழக்காடினார்; அவர்களை மறுத்து நூல்களும் எழுதினார். அந்தக் கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டதோ தரங்கம்பாடி அச்சகமே! கொள்கையில் மாறுபட்டவர்களும் மக்களோடு பேசவேண்டியிருந்தது. பேசுவதற்கு எதிராளியின் நூலே துணையாயிற்று.

எழுத்திலும் அவர் காதையே நம்பினார். எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைக்கவேண்டும் என்பது பழைய விதி. ஓலையில் எழுதுவோர் அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். அதனால் ‘தென்’ என்பதும் ‘தேன்’ என்பதும், ‘கொடி’ என்பதும் ‘கோடி’ என்பதும் சுவடியில் ஒன்றாயின. பேசும்போது தெளிவாக விளங்கும் வேறுபாடு எழுத்தில் மறைந்தது. நெடிலுக்கு வேறு வடிவம் தந்து அக்குறையை அவர் நீக்கினார். இவ்விதழில் நீங்கள் காணும் ‘ஏ’யும் ‘ஓ’வும் அத்திருத்தத்தின் வழி வந்தவை.

அவருடைய ‘பரமார்த்த குரு கதை’யைச் சிறுவர்க்கான நகைச்சுவை என்றே எண்ணியிருந்தேன். மீண்டும் படித்தபோது வேறொன்று தெரிந்தது. ஆற்றைக் கடந்த சீடர்கள் தம்மை எண்ணும்போது, எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஓர் ஆள் ஆற்றோடு போய்விட்டதாக எல்லாரும் அழுகிறார்கள். கீழே விழுவனவற்றுள் எவற்றை எடுக்கவேண்டும் என்று குரு ஓலையில் எழுதித் தருகிறார். பின்னர்க் குருவே குழியில் விழுந்தபோது, ஓலையில் அவர் பெயர் இல்லை என்று சீடர்கள் அவரை எடுக்க மறுக்கிறார்கள். சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, சொல்பவரையும் சூழலையும் விட்டவர்களின் கதை அது. சிரித்துக்கொண்டே படித்த நான் பாதியில் நிறுத்தினேன். கையில் சிறு நூலோடு தேநீர்க்கடை முன் நின்ற நானும் அந்தச் சீடர்களில் ஒருவன் அல்லவா?

வீரமாமுனிவர் தாய்நாடு திரும்பவில்லை. ஏறத்தாழ முப்பத்தாறு ஆண்டுகள் தமிழோடு வாழ்ந்து 1747இல் மறைந்தார். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது.

நண்பர்களே, ஊரில் இருந்தவரை நாம் மொழிக்கு உரியவர்களாக இருந்தோம். இங்கே அவரைப் போல நாமும் வந்தேறிகள். பிறர் மொழியில் நாம் செய்யும் பிழைகளை எத்தனையோ பேர் பொறுத்துக் கொள்கிறார்கள். வாய் திறந்து சொல்வதும் இல்லை. சொல் கற்றபின், அது யாரிடம் எப்போது செல்லும் என்பதையும் செவி திறந்து கற்பதே நாம் அவர்களுக்குச் செய்யும் கைம்மாறு.

விளக்கம் பெற்ற மறுநாள் நான் அந்தக் கடைக்குச் சென்று, ‘தீஜியே’ என்று கேட்டேன். முதியவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். சில திங்கள் சென்றபின் அவரே என்னைத் ‘தும்’ என்று அழைக்கத் தொடங்கினார். ‘ஆப்’ என்பதிலிருந்து ‘தும்’ என்பதற்கு இறங்கினாரே என்று நான் வருந்தவில்லை. தம் வீட்டுப் பிள்ளைகளையும் அவர் அப்படித்தான் அழைப்பார்.