எட்டாவது படித்தவரின் எட்டு சிலிண்டர் வண்டி

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று யூனியன் செயலாளர் விரட்டியபோது எனக்கு ஞாபகம் வந்த ஒரே ஆள் கிளென் கர்ட்டிஸ்தான். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில், ஏரிக்கரையில் உள்ள ஹாமண்ட்ஸ்போர்ட் என்ற சின்ன ஊரில் 1878 மே 21ந் தேதி பிறந்தார் கர்ட்டிஸ். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஃபோட்டோ பிலிம் செய்யும் ஈஸ்ட்மன் கம்பெனியில் வேலை பார்த்தார். பிறகு சைக்கிளில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் பையனாக ஊர் சுற்றினார். அந்த சைக்கிள்தான் அவருக்குப் பாலிடெக்னிக்! பந்தயங்களில் ஓட்டினார்; கழற்றிப் பார்த்தார்; சொந்த ஊரிலேயே சைக்கிள் கடையும் போட்டார்.

1901ல், மிதித்தது போதும் என்று சைக்கிளில் இன்ஜினை மாட்டினார். கார்புரேட்டருக்கு எங்கே போவது? ஒரு தக்காளி டின்னை வைத்தே ஒப்பேற்றினார்! வண்டி ஓடியது, ஆனால் அவருக்குத் திருப்தி இல்லை. இன்ஜினைத் தானே வடிவமைத்துச் செய்யத் தொடங்கினார். 1903ல் ஒரு மைல் தூரத்தை மணிக்கு 64 மைல் வேகத்தில் ஓட்டி சாதனை படைத்தார். அவர் செய்த இன்ஜின் லேசாகவும் பலமாகவும் இருந்ததால், 1904ல் தாமஸ் பால்ட்வின் என்பவர் அதை வாங்கித் தன் ஆகாயக் கப்பலில் பொருத்திப் பறந்தார்.

இப்போது நம்ம ஒர்க்‌ஷாப் விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்து சைக்கிள் பட்டறைகளில் நம்மிடம் இருப்பது போல ஆர்க் வெல்டிங் செட் கிடையாது. ட்யூபை லக் என்ற மூட்டுக்குள் சொருகி, சூடேற்றி, பித்தளையை உருக்கி உள்ளே இழுக்கவிடுவார்கள். அதுதான் பிரேசிங். சைக்கிள் ஃபிரேம் ஒரு ஆள் பாரத்தைத் தாங்கினால் போதும். இன்ஜின் வந்துவிட்டால் அதிர்வும் முறுக்கும் சேர்ந்து மூட்டுக்கு மூட்டு சோதிக்கும்.

அப்படிப்பட்ட காலத்தில், ஆகாயக் கப்பலுக்கென்று உருவாக்கிய எட்டு சிலிண்டர் வி-8 இன்ஜினை ஒரு மோட்டார் சைக்கிள் ஃபிரேமில் உட்கார வைத்தார் கர்ட்டிஸ். கொள்ளளவு சுமார் 4,400 சி.சி., சக்தி 40 குதிரை. இன்ஜின் நீளவாக்கில் உட்கார வேண்டும் என்பதால் ஃபிரேமையும் நீட்ட வேண்டியதாயிற்று. இவ்வளவு சக்தியை பெல்ட்டோ செயினோ தாங்காது. அதனால் ஷாஃப்ட்டும் பெவல் கியரும் வைத்து நேரே பின்சக்கரத்துக்குக் கொடுத்தார். வளைவில் திரும்புவதற்கான வண்டி அல்ல அது. நேர்கோட்டில் பறப்பதற்கு மட்டும்!

1907 ஜனவரி 24. ஃபுளோரிடாவின் ஆர்மண்ட் கடற்கரை. ஒரு மைல் தூரத்தை 26.4 விநாடியில் கடந்தார். அதாவது மணிக்கு 136.36 மைல், நம் கணக்கில் சுமார் 219 கிலோமீட்டர். அன்று வரை எந்த வாகனத்திலும் எந்த மனிதனும் அந்த வேகத்தில் போனதில்லை.

அடுத்த ஓட்டத்தில் யுனிவர்சல் ஜாயிண்ட் உடைந்தது. அவிழ்ந்த ஷாஃப்ட் சாட்டை போல் சுழன்று அடித்ததில் ஃபிரேம் வளைந்தது. கர்ட்டிஸ் பதறாமல் வண்டியை நிறுத்தி உயிரோடு இறங்கினார். மறுபடி ஓட்டிக் காட்ட முடியாததால் அந்த வேகம் அதிகாரபூர்வ சாதனையாக ஏற்கப்படவில்லை. அவர் அதற்காக மல்லுக்கு நிற்கவில்லை. ஊருக்குப் போய் அடுத்த வேலையைப் பார்த்தார். வேறொரு மோட்டார் சைக்கிள் அந்த வேகத்தைத் தாண்ட 1930 வரை ஆயிற்று.

அடுத்த வேலை என்ன தெரியுமா? விமானம்! 1908 ஜூலை 4ல் ஊரார் முன்னிலையில் ஜூன் பக் என்ற விமானத்தை ஓட்டிப் பரிசு பெற்றார். 1909ல் பிரான்ஸில் ரீம்ஸ் நகரப் போட்டியில் கார்டன் பென்னட் கோப்பையை வென்றார். நீரிலிருந்து எழும் விமானத்தையும் செய்தார். காப்புரிமைக்காக ரைட் சகோதரர்களோடு பல வருஷம் கோர்ட்டு வழக்கும் நடந்தது. 1930 ஜூலை 23ல், 52 வயதில், குடல்வால் அறுவை சிகிச்சைக்குப் பின் காலமானார். அந்த வி-8 வண்டி அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இனி என் கதை. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். போன வருஷம் நானும் இரண்டு நண்பர்களும் காயலான் கடையில் பழைய மொபெட் இன்ஜின் ஒன்று வாங்கி, மினி பைக் ஒன்று செய்தோம். இன்ஜினைத் தேய்த்துத் துடைக்க ஒரு மாதம். ஃபிரேமுக்கு ஒரே ஒரு சாயங்காலம்! ஹேண்டில் வரும் இடத்தில் வெல்டிங் மேலே பார்க்க அழகாக இருந்தது, உள்ளே இறங்கவே இல்லை. ஸ்லாக்கைத் தட்டிக்கூடப் பார்க்காமல் பெயிண்ட் அடித்தோம். முதல் ஓட்டத்திலேயே மூட்டு விட்டுவிட்டது. ஓட்டிய நண்பனுக்குக் கை முறிந்தது. அந்த வெல்டிங்கை அடித்தவன் நான்.

அப்பா திட்டவில்லை. கல் உடைக்கிற கையால் அந்த உடைந்த மூட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, இதற்காகவா படிக்க அனுப்பினேன் என்பது போல என்னைப் பார்த்தார். அது இன்னும் வலிக்கிறது.

நண்பர்களே, வேகத்தைக் கொடுப்பது இன்ஜின். ஆளை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது மூட்டு. அவ்வளவு பெரிய கர்ட்டிஸுக்கே ஒரு மூட்டுதான் காலை வாரியது! இப்போது அதே ஃபிரேமை மறுபடி செய்கிறேன். இந்தத் தடவை ஜிக்கில் வைத்து, டேக் அடித்து, அலைன்மென்ட் பார்த்து, ஒவ்வொரு மூட்டையும் சாரிடம் காட்டிய பிறகுதான் அடுத்தது. முதல் ஓட்டம் நான்தான் ஓட்டுவேன். அப்பாவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

– மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்