அலிக் ஐசக்ஸ்

அலிக் ஐசக்ஸ் (சூலை 17, 1921 – சனவரி 26, 1967) இசுக்கொட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் தீநுண்மவியல் அறிஞரும் ஆவார். வைரசு என்னும் தீநுண்மம் தொற்றிய உயிரணுக்கள் சுரக்கும் காப்புப் பொருளான இன்டர்ஃபெரானை, சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் லிண்டன்மானுடன் இணைந்து கண்டறிந்தவர். இக்கண்டுபிடிப்பு 1957 ஆம் ஆண்டில் வெளியானது.

வாழ்க்கைக் குறிப்பு

கிளாஸ்கோவில் பிறந்த ஐசக்ஸ், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1944 இல் பட்டம் பெற்றார். பின்னர் ஷெஃபீல்டிலும், மெல்பேர்ணில் பிராங்க் மக்ஃபார்லேன் பர்னெட்டின் ஆய்வுக்கூடத்திலும் இன்ஃபுளுவென்சா வைரசை ஆராய்ந்தார். 1950களின் தொடக்கத்தில் இலண்டன் மில் ஹில்லில் இயங்கிய தேசிய மருத்துவ ஆய்வுக் கழகத்தில் சேர்ந்தார்.

கண்டுபிடிப்பு

ஒரு வைரசு தொற்றிய உயிரணுவில் வேறொரு வைரசு எளிதில் பெருகுவதில்லை என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. இக்குறுக்கீட்டின் காரணம் விளங்கவில்லை. ஐசக்சும் லிண்டன்மானும் வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்ஃபுளுவென்சா வைரசைக் கோழிக் கருமுட்டையின் சவ்வுத் துண்டுகளுடன் சேர்த்து வைத்தனர். பின்னர் அவை இருந்த நீர்மத்தை மட்டும் புதிய துண்டுகளில் இட்டனர். அவற்றில் உயிர்ப்புள்ள வைரசு நன்கு பெருகவில்லை. எனவே பெருக்கத்தைத் தடுத்தது உயிரணுக்கள் வெளியிட்ட பொருளே என முடிவு செய்தனர். குறுக்கீட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டனர். சப்பானில் யசுயிச்சி நகானோ, யசுஹிகோ கொஜிமா ஆகியோர் 1954 இலேயே இத்தகைய தடுப்புக் காரணி ஒன்றை விவரித்திருந்தனர்.

செயற்படும் முறை

இன்டர்ஃபெரான் வைரசை நேரடியாக அழிப்பதில்லை. தொற்றுக்குள்ளான உயிரணு, வைரசின் மரபுப் பொருளை உணர்ந்து இதனைச் சுரக்கிறது. இது அண்டை உயிரணுக்களின் ஏற்பிகளில் இணைந்து, வைரசின் ஆர்.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதிகள் போன்ற காப்புப் பொருட்களை உருவாக்கத் தூண்டுகிறது. இரத்தத்திலுள்ள சில நோயெதிர்ப்பு உயிரணுக்கள் இதனைப் பெருமளவில் சுரக்கின்றன.

ஐயங்களும் இறுதிக் காலமும்

இன்டர்ஃபெரான் மிகச் சிறிய அளவிலேயே கிடைத்ததால், ஐசக்சால் அதைத் தூய நிலையில் பிரித்துக் காட்ட இயலவில்லை. இதனால் அறிஞர் சிலர் அதைக் கற்பனைப் பொருள் என எள்ளினர். மனச்சோர்வால் அவதியுற்ற ஐசக்சுக்கு 1964 இல் மூளையில் இரத்தக் கசிவும் ஏற்பட்டது. ஆயினும் ஆய்வைத் தொடர்ந்தார். 1966 இல் அரச கழக உறுப்பினராகத் தேர்வானார். மறு ஆண்டில் தமது 45 ஆவது அகவையில் இலண்டனில் காலமானார்.

பிற்கால வளர்ச்சி

1970களின் இறுதியில் இன்டர்ஃபெரான் தூய நிலையில் பிரிக்கப்பட்டது. மனித இன்டர்ஃபெரானின் மரபணுவைப் பாக்டீரியாவில் செயற்பட வைத்ததை 1980 இல் சூரிக்கைச் சேர்ந்த சார்லஸ் வைஸ்மனின் குழு அறிவித்தது. ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாக 1986 இல் ஐக்கிய அமெரிக்கா இதற்கு ஒப்புதல் அளித்தது. பின்னர் கல்லீரல் அழற்சிக்கும் இது பயன்பட்டது.