கண்ணை நடத்தும் கேள்வி

ஓர் ஓவியத்தின் முன் நிற்பவர், அதை முழுமையாகப் பார்த்துவிட்டதாகவே எண்ணுகிறார். ஆனால், அவரது கண் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவுகிறது, தாவிய இடத்தில் சற்றே தங்குகிறது, மீண்டும் தாவுகிறது. விழித்திரையின் நடுவிலுள்ள மிகச் சிறிய பகுதிக்கு மட்டுமே நுட்பமாகக் காணும் ஆற்றல் உண்டு என்பதே இதற்குக் காரணம். இந்தத் தாவல்களைத் தாளில் கோடுகளாகப் பதிவு செய்து, பார்வை என்பது கண்ணின் தொழில் மட்டுமன்று, மனதின் தொழிலும்கூட என்று காட்டியவர் ரஷிய அறிஞர் ஆல்ஃபிரட் லூக்கியானோவிச் யார்பஸ்.

முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ஆம் ஆண்டில் மாஸ்கோவில் பிறந்தவர் யார்பஸ். அவரது இளம் பருவத்தில் புரட்சியும் உள்நாட்டுப் போரும் அந்த நாட்டின் முகத்தையே மாற்றின. இயற்பியல் பயின்ற அவர், சோவியத் அறிவியல் அகாதெமியின் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, மனிதன் எவ்வாறு காண்கிறான் என்ற ஒற்றைக் கேள்விக்கே தம் வாழ்வின் பெரும் பகுதியைச் செலவிட்டார்.

இந்தத் துறையில் அவருக்கு முன்னோடிகள் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கை தாமஸ் பஸ்வெல், 200 பேரிடம் 55 படங்களைக் காட்டி, அவர்களது கண் அசைவுகளை ஒளிப்படக் கருவியால் பதிவு செய்து 1935-இல் நூலாக வெளியிட்டிருந்தார். யார்பஸ் நாடியது அதைவிடக் கூடுதலான துல்லியம். இயற்பியலாளருக்கே உரிய பிடிவாதத்துடன் அதற்கான கருவியை அவரே வடிவமைத்தார்.

அந்தக் கருவி எளியது; ஆனால், அதை ஏற்பது எளிதன்று. கண்ணின் வெண்பகுதியில் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் சின்னஞ்சிறு மூடி ஒன்று. அதன்மேல் ஒரு சிறு கண்ணாடி. கண் அசைந்தால் கண்ணாடியும் அசையும். அதில் பட்டுத் திரும்பும் ஒளிக்கற்றை, ஒளியுணர் தாளில் கோடாகப் பதியும். சோதனைக்கு உட்படுபவரின் கண்ணில் உணர்வு மரத்துப்போகும் மருந்து இடப்படும். இமைகள் மூடிவிடாதபடி ஒட்டுப்பட்டைகளால் விலக்கிப் பிடிக்கப்படும். தலை அசையாதிருக்க மோவாய் ஒரு தாங்கியில் பதிந்திருக்கும். அந்த நிலையில் சில நிமிடங்களுக்குமேல் எவரும் இருக்க இயலாது. அந்தச் சில நிமிடங்களே அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

அவரது ஆய்வுகளில் ஒன்று இன்றும் வியப்பூட்டுவது. கண்ணோடு சேர்ந்தே நகரும்படி ஒரு படத்தை மூடியிலேயே பொருத்திவிட்டால், விழித்திரையில் அப்படம் அசைவற்று நிற்கும். அப்போது, ஒன்று முதல் மூன்று நொடிகளுக்குள் படம் முற்றிலும் மறைந்துவிடுகிறது! மேலை நாடுகளிலும் 1950-களின் தொடக்கத்தில் இத்தகைய உண்மை வெளிப்பட்டது. ஒன்றையே அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால் நன்றாகத் தெரியும் என்று நாம் கருதுகிறோம். முற்றிலும் அசைவற்ற கண், பார்வையற்ற கண்ணுக்கு ஒப்பானது என்பதே உண்மை.

யார்பஸின் பெயரை நிலைநிறுத்தியது மற்றோர் ஆய்வு. அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது, மாஸ்கோவின் திரெத்யாகோவ் கலைக்கூடத்தில் உள்ள இலியா ரேப்பினின் 'எதிர்பாராத வருகை' என்ற ஓவியம். நாடு கடத்தப்பட்டிருந்த ஒருவர், முன்னறிவிப்பின்றி வீட்டுக்குள் நுழைகிறார். முதிய தாய் நாற்காலியிலிருந்து எழுகிறார். பியானோ அருகே இருக்கும் மனைவி திரும்பிப் பார்க்கிறார். பாடம் படித்துக்கொண்டிருந்த சிறுவனின் முகம் மலர்கிறது. சிறுமியோ வந்தவர் யாரென்று அறியாமல் மிரள்கிறாள். ஓவியத்தில் இருப்பவர்கள் அனைவரையும் இணைப்பது பார்வை ஒன்றுதான். வந்தவரின் முகபாவத்தில் மனநிறைவு கொள்ளாத ரேப்பின், அதைப் பின்னரும் மாற்றி வரைந்தார். பார்வையை ஆராய இதைவிடப் பொருத்தமான ஓவியம் அமைவது அரிது.

அந்த ஓவியத்தின் படியை ஒருவரிடம் கொடுத்து, முதலில் எந்தக் கட்டளையும் இன்றிப் பார்க்கச் செய்தார் யார்பஸ். பின்னர், ஒவ்வொரு முறையும் ஒரு புதிய கேள்வியை முன்வைத்தார். குடும்பத்தின் பொருளாதார நிலை என்ன என்று கேட்டபோது, கண் அறைக்கலன்களின் மீதும் பெண்களின் ஆடைகளின் மீதும் சென்றது. ஒவ்வொருவரின் வயது என்ன என்று கேட்டபோது, முகங்களை மட்டுமே நாடியது. வந்தவர் எத்தனை காலம் பிரிந்திருந்தார் என்று கேட்டபோது, அவரது முகத்துக்கும் குடும்பத்தினரின் முகங்களுக்கும் இடையே கண் ஓயாமல் அலைந்தது. ஆடைகளை நினைவில் கொள்ளவும், ஆள்களும் பொருள்களும் இருந்த இடங்களை நினைவில் கொள்ளவும் பணித்தபோது வேறு வேறு தடங்கள் உருவாயின. இப்படி ஏழு முறை, முறைக்கு மூன்று நிமிடங்கள். ஓவியமும் ஒன்று, பார்த்தவரும் ஒருவர். கேள்வி மாறியதும் பார்வையின் வழி மாறியது.

நேரம் நீண்டால் கண் புதிய இடங்களைத் தேடிச் செல்லும் என்று நாம் எதிர்பார்ப்போம். யார்பஸ் கண்டது வேறு. கூடுதலாகக் கிடைத்த நேரத்தைக் கண், தனக்கு முக்கியமானவற்றையே மீண்டும் மீண்டும் காண்பதற்குச் செலவிட்டது.

இந்த முடிவுகள் அடங்கிய நூல் 1965-இல் ரஷிய மொழியில் வெளிவந்தது. 1967-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. பனிப்போரின் சுவர்களைக் கடந்து உலகெங்கும் ஆய்வாளர்கள் அதைப் படித்தனர். யார்பஸ் 1986-இல் மறைந்தார். அந்தப் புகழ்பெற்ற ஏழு கோட்டுப் படங்கள் ஒரே ஒருவரின் பதிவுகள் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். பலரை வைத்து மீண்டும் சோதித்தபோது, கேள்வியின் தாக்கம் உறுதியானது. எனினும், யார்பஸின் படங்களில் உள்ள அளவுக்கு வேறுபாடு எல்லாரிடமும் தெளிவாக அமையவில்லை.

அவரது கருவி ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேற முடியாதது. இன்று மூக்குக் கண்ணாடி போன்ற எளிய கருவியை அணிந்தபடி பார்வையாளர்கள் அருங்காட்சியகங்களில் நடமாடுகின்றனர். ஆம்ஸ்டர்டாமின் வான் கோ அருங்காட்சியகத்தில் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், குழந்தைகளின் கண் முதலில் எடுப்பான நிறமும் வடிவமும் உள்ள இடங்களுக்கே சென்றது. ஓவியத்தைப் பற்றிச் சொன்ன பிறகு, அவர்கள் பார்த்த இடங்கள் மாறின. பெரியவர்களிடம் அந்த அளவுக்கு மாற்றம் இல்லை. அவர்கள் முன்பே தம் அறிவைத் துணைகொண்டு பார்த்தனர். அரை நூற்றாண்டுக்கு முன் யார்பஸ் கண்ட உண்மையே இது.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடத்தப்பட்டு 2001-இல் வெளியான மற்றோர் ஆய்வு, புகழ்பெற்ற ஓவியம் ஒன்றின்முன் பார்வையாளர் நின்ற நேரம் சராசரியாக 27 நொடிகள் என்று கூறியது. யார்பஸ் ஒரு கேள்விக்கு அளித்தது 180 நொடிகள். நேரம் குறைவென்று வருந்துவதோடு, அந்த 27 நொடிகளில் கண்ணை நடத்துவது எது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓவியத்தின் அருகே உள்ள விளக்கக் குறிப்பும், வழிகாட்டியின் சொல்லும் பார்வையாளருக்குத் தரப்படும் கேள்விகளே. அவற்றை எழுதுபவர்கள் பிறரது கண்களைச் செலுத்துகிறார்கள் என்ற பொறுப்புணர்வு வேண்டும்.

விளம்பரப் பலகையிலும் கடை அலமாரியிலும் கைப்பேசித் திரையிலும் நம் கண் எங்கே தங்குகிறது என்று இன்று வணிகம் அளந்துகொண்டிருக்கிறது. அறிவதற்காக யார்பஸ் தொடங்கிய பணி, விற்பதற்கான பணியாகவும் ஆகிவிட்டது. அதிலிருந்து காத்துக்கொள்ளும் வழியையும் அவரது ஆய்வே கற்பிக்கிறது. கேள்வி இன்றிப் பார்க்கும் கண், பளிச்சென்று தெரிவதன் பின்னால் எளிதில் சென்றுவிடும். எதையேனும் அறிய வேண்டும் என்ற முனைப்புடன் பார்க்கும் கண்ணோ தன் வழியைத் தானே வகுத்துக்கொள்ளும். அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரும் ஆசிரியரும் ஓவியரின் பெயரையும் ஆண்டையும் சொல்வதோடு நின்றுவிடாமல், அங்கே தேடுவதற்கு ஒரு கேள்வியையும் அவர்களிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.