பனகல் அரசர்: பொறுப்பாட்சியின் தொடக்கம்

நுழையும்முன்

தேர்தல், அமைச்சரவை, நம்பிக்கை வாக்கெடுப்பு, எதிர்க்கட்சி ஆகியன இன்று நாம் நாள்தோறும் கேட்கும் சொற்கள். இவை தென்னகத்தில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தபோது நாடு அயலார் ஆட்சியில் இருந்தது. வாக்குரிமை சிலருக்கே கிடைத்திருந்தது. அமைச்சர்களின் கையில் பாதி அதிகாரமே இருந்தது. அந்தப் பாதி அதிகாரத்தைக்கொண்டு என்ன செய்ய இயலும் என்பதைக் காட்டிய ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் கல்வியும்

பனகல் அரசர் எனப் பின்னாளில் அழைக்கப்பட்ட இராமராயநிங்கார், 1866ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் காளத்தியில் பிறந்தார். செல்வக் குடும்பத்தில் தோன்றிய அவர், சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பயின்றார். வடமொழியில் ஆழ்ந்த புலமை பெற்றார். சட்டமும் கற்று, முதுகலைப் பட்டமும் பெற்றார். ஜமீன்தார் குடும்பத்தினர் பலரைப்போல நிலவருவாயில் நிறைவுகொள்ளாமல் பொதுவாழ்வில் ஈடுபட்டார். வட ஆர்க்காடு மாவட்டக் கழகத்தில் பணியாற்றிய பட்டறிவும், மைய அரசின் சட்டமன்றத்தில் நிலவுடைமையாளர்களின் சார்பாளராக வீற்றிருந்த பட்டறிவும் அவருக்குப் பிற்காலத்தில் துணைநின்றன.

இரட்டையாட்சி

மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் பயனாக 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் பிறந்தது. அதன்படி மாகாணத்தின் துறைகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. நிதி, காவல், நீதி, நிலவரி முதலியன ஒதுக்கப்பட்ட துறைகள். அவற்றை ஆளுநரும் அவருடைய நிருவாகக் குழுவினரும் கவனித்தனர். அக்குழுவினர் சட்டமன்றத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். கல்வி, மருத்துவம், உள்ளாட்சி, வேளாண்மை, தொழில் முதலியன மாற்றப்பட்ட துறைகள். அவை, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களிலிருந்து ஆளுநர் அமர்த்திய அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஓர் அரசில் இருவகை ஆட்சி நிலவியமையால் இதனை இரட்டையாட்சி என்றனர்.

இம்முறையில் அமைச்சரின் நிலை கடினமானது. பள்ளி திறப்பது அவர் பொறுப்பு. அதற்கு வேண்டிய பணமோ மற்றொருவரின் கையில் இருந்தது. அவையில் நிறைவேறிய சட்டமும் ஆளுநர், வைசிராய் ஆகியோரின் இசைவு பெற்றாக வேண்டும். மக்களின் குறைகளுக்கு விடைசொல்ல வேண்டியவர் அமைச்சரே. குறைகளைத் தீர்க்கும் முழு ஆற்றல் அவரிடம் இல்லை.

முதல் தேர்தல்

1920ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடைபெற்றது. தேர்தல்வழி நிரப்பப்பட்ட இடங்கள் 98. எஞ்சியோர் நியமன உறுப்பினர்கள். மாகாண மக்கள்தொகை நான்கு கோடிக்கும் மிகுதி. சொத்தும் வரியும் தகுதிகளாக வைக்கப்பட்டமையால் வாக்காளர் சுமார் பன்னிரண்டரை லட்சம் பேரே. அவர்களுள்ளும் நால்வரில் ஒருவரே வாக்களித்தனர். ஒத்துழையாமைக் கொள்கையின்படி காங்கிரசு அத்தேர்தலைப் புறக்கணித்தது. நீதிக்கட்சி 63 இடங்களில் வென்றது.

ஆளுநர் வெல்லிங்டன், கட்சித் தலைவர் தியாகராயரை ஆட்சியமைக்க அழைத்தார். அவர் பதவியை ஏற்க மறுத்து, சுப்பராயலு ரெட்டியாரைப் பரிந்துரைத்தார். மூவர் அமைச்சரவையில் இராமராயநிங்கார் உள்ளாட்சித் துறையை ஏற்றார். உடல்நலக் குறைவால் சுப்பராயலு ரெட்டியார் விலகவே, 1921ஆம் ஆண்டு ஜூலையில் இராமராயநிங்கார் முதலமைச்சரானார்.

எல்லைக்குள் ஆற்றிய பணி

கிடைத்த துறைகளைக்கொண்டு நிலையான மாற்றங்களை உண்டாக்க அவருடைய அரசு முற்பட்டது. 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிடப்பட்ட வகுப்புவாரி அரசாணை, அரசுப் பணிகளில் எல்லாச் சமூகத்தாரும் இடம்பெற வழிகோலியது. 1924ஆம் ஆண்டு பணியாளர் தேர்வு வாரியம் அமைக்கப்பட்டது. பெண்களுக்கு வாக்குரிமை மறுக்கும் தடையைச் சட்டமன்றம் 1921ஆம் ஆண்டிலேயே நீக்கியது. எனினும், சொத்துத் தகுதி தொடர்ந்தமையால் அவ்வுரிமையைப் பெற்ற பெண்கள் மிகச் சிலரே.

கோயில்களின் வருவாயும் சொத்துகளும் முறையாகக் கணக்கிடப்பட வேண்டும் என்னும் நோக்குடன் இந்து சமய அறநிலையச் சட்ட முன்வரைவு 1922ஆம் ஆண்டு அவைக்கு வந்தது. அவைக்குள்ளும் வெளியிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. நெடிய விவாதங்களையும் திருத்தங்களையும் கடந்து 1925ஆம் ஆண்டு அது சட்டமாயிற்று. கல்வித்துறையில் 1923ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகச் சட்டமும், 1926ஆம் ஆண்டு ஆந்திரப் பல்கலைக்கழகச் சட்டமும் இயற்றப்பட்டன. சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய மருத்துவமுறைகளைக் கற்பிக்கச் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. மாம்பலத்தின் பெரிய ஏரிப்பகுதியில் தியாகராய நகர் உருவாயிற்று.

நம்பிக்கையில்லாத் தீர்மானம்

1923ஆம் ஆண்டு நடைபெற்ற இரண்டாம் தேர்தலில் நீதிக்கட்சியின் வலிமை 44 இடங்களாகக் குறைந்தது. எதிர்த்து நின்ற அணிகள் வளர்ந்தமை மட்டும் இதற்குக் காரணமன்று. கட்சிக்குள்ளேயே மனக்குறைகள் இருந்தன. முதல் அமைச்சரவையில் தமிழர் இடம்பெறாமை குறித்துத் தமிழ் உறுப்பினர்கள் வருந்தினர். ஒடுக்கப்பட்டோரின் தலைவர் எம். சி. ராஜா கட்சியிலிருந்து விலகிச் சென்றார். தேர்தலுக்குப்பின் அமைந்த அமைச்சரவையில் சிவஞானம் பிள்ளை சேர்க்கப்பட்டார்.

புதிய அவை கூடியதும், கட்சியிலிருந்து பிரிந்த சி. ஆர். ரெட்டி, நவம்பர் 27ஆம் நாள் அமைச்சரவைமீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். இந்தியச் சட்டமன்றங்களில் இத்தகைய தீர்மானங்களுள் இதுவே முதலாவது என்பர். அமைச்சர்கள் ஆளுநரால் அமர்த்தப்படுபவர்கள் என்பது சட்டத்தின் சொல். ஆயினும், அவையின் நம்பிக்கையை இழந்தவர் ஆளத் தகுதியுடையவரா என்னும் வினா அன்று வெளிப்படையாக எழுந்தது. தீர்மானத்தை எதிர்த்து 65 பேர் வாக்களித்தனர். ஆதரித்தோர் ஐம்பதின்மரை எட்டவில்லை. அமைச்சரவை நிலைத்தது.

அவ்வெற்றிக்கு நியமன உறுப்பினர்களின் ஆதரவும் துணைநின்றது என்பதை வரலாறு மறைக்கவில்லை. மக்களால் தேர்ந்தெடுக்கப்படாதவரின் வாக்கு, மக்கள் அமைச்சரவையின் வாழ்வை முடிவுசெய்தது இரட்டையாட்சியின் பெருங்குறை. ஆயினும், ஆட்சியாளர் அவையில் எழுந்து தம் செயல்களுக்கு விடைகூற வேண்டும் என்னும் மரபு அன்று வேரூன்றியது.

தோல்விக்குப்பின்

தியாகராயர் 1925ஆம் ஆண்டு மறைந்தபின் கட்சித் தலைமையும் பனகல் அரசரிடம் வந்தது. 1926ஆம் ஆண்டுத் தேர்தலில் சுயராஜ்யக் கட்சி 41 இடங்களைப் பெற்றது. நீதிக்கட்சிக்கு 21 இடங்களே கிடைத்தன. பதவியேற்பதில்லை என்னும் கொள்கையால் சுயராஜ்யக் கட்சி ஆட்சியமைக்க முன்வரவில்லை. நீதிக்கட்சியிடமோ போதிய வலிமை இல்லை. இந்நிலையில், கட்சி சாராத சுப்பராயன் அமைச்சரவை அமைத்தார். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பதவியிலிருந்து இறங்கி, எதிர் வரிசையில் அமர்ந்து அவைப் பணியைத் தொடர்ந்தார். தம் கட்சி மீண்டும் வெல்வதைக் காணும் முன்னரே 1928ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அவர் காலமானார். இரண்டு ஆண்டுகளில் அக்கட்சி மீண்டும் ஆட்சிக்கு வந்தது.

நிறைவாக

பனகல் அரசரைத் தேர்ந்தெடுத்த வாக்காளர்கள் மக்களில் மிகச் சிறு பகுதியினர். அவர் பெற்ற அதிகாரம் அளந்து கொடுக்கப்பட்டது. ஆயினும், அதிகாரம் முழுமையாக வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கைக்கு வந்த துறைகளில் சட்டம் இயற்றினார். எதிர்ப்பை அவையிலேயே சந்தித்தார். வாக்குகள் குறைந்தபோது பதவியை விட்டு விலகினார். வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை தரும் இன்றைய மக்களாட்சி அன்றைய அமைப்பைவிடப் பன்மடங்கு விரிந்தது. ஆட்சியாளர் அவைக்கு விடைகூறுவதும், தோற்றவர் எதிர் வரிசையில் அமர்ந்து பணியாற்றுவதும் அதற்கு அன்று இடப்பட்ட அடித்தளங்களாகும்.